அம்மாவின் போனில் கிரைண்டர் விளம்பரம் வந்தது எப்படி?

கேள்வி: இந்தத் தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு கிரைண்டர் வாங்கிக் கொடுக்க நானும் கொழும்பில் வேலை செய்யும் தம்பியும் ஒரு மாதமாகத் திட்டம் போட்டோம். அம்மாவுக்குச் சொல்லவில்லை. போன ஞாயிறு தம்பி வந்திருந்தபோது அடுப்படியில் நின்று விலையைப் பற்றி மெதுவாகப் பேசினோம். அம்மாவின் போன் பக்கத்தில்தான் கிடந்தது. அன்று இரவே அவர் யூடியூப்பைத் திறந்தால் கிரைண்டர் விளம்பரம்! "என்னடி, எனக்கா?" என்று சிரிக்கிறார். போன் நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கிறதா? (வாசகி, ஹட்டன்)

பதில்: முதலில் தம்பியிடம் ஒன்று கேளுங்கள். அம்மாவின் போனில் இருப்பது யாருடைய ஜிமெயில்?

நம் பக்கத்து வீடுகளில் இது சாதாரணம். அம்மாவுக்குப் போன் வாங்கும்போது, அவருக்கு எதற்குத் தனிக் கணக்கு என்று பிள்ளையின் ஜிமெயிலையே போட்டுக் கொடுத்துவிடுவோம். அப்புறம் தம்பி கொழும்பில் இருந்துகொண்டு ஒரு மாதமாகக் கிரைண்டர் தேடினால், கூகுளுக்கு அவரும் அம்மாவும் ஒரே ஆள்தான். கணக்கு வேறாக இருந்தாலும், அன்று இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருந்திருந்தால் ஒரே வீடு என்று ஊகிக்க அதுவே போதும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், விளம்பரம் கொடுப்பவர் 'இந்த ஊரைச் சுற்றியுள்ள பெண்களுக்குக் காட்டு' என்று தேர்ந்தெடுக்க முடியும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குத் தீபாவளி முற்பணம் கைக்கு வரும் காலம் எந்த வியாபாரிக்குத் தெரியாது?

மைக் பற்றிய சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவின் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் அதிகமான ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். எந்தச் செயலியும் ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பியதாக அவர்கள் காணவில்லை. ஆனால் சில செயலிகள் திரையில் நாம் செய்வதைப் படம்பிடித்து வெளியே அனுப்பியதைக் கண்டார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

அதற்காகப் போன் நிறுவனங்களை அப்படியே நம்பச் சொல்லவில்லை. குரலுக்குப் பதில் சொல்லும் உதவியாளர்கள் தவறுதலாக விழித்துப் பதிவுசெய்த பேச்சுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டது 2019இல் வெளியே வந்தது. ஐபோனின் குரல் உதவியாளரான சிரி தொடர்பான வழக்கொன்றில் ஆப்பிள் 9.5 கோடி டொலர் கொடுத்துத் தீர்க்க 2024 கடைசியில் சம்மதித்தது, குற்றத்தை மட்டும் ஏற்கவில்லை.

அம்மாவின் போன் ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், மைக் வேலை செய்யும்போது திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளம் தெரியும். ஐபோனில் அது செம்மஞ்சள் புள்ளி. செட்டிங்ஸில் எந்தெந்தச் செயலிக்கு மைக் அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப்புக்கு வேண்டும், சரி. டோர்ச் லைட் செயலிக்கு எதற்கு? எடுத்துவிடுங்கள். அம்மாவுக்கென்று தனி ஜிமெயில் ஒன்றும் போட்டுக் கொடுங்கள். தம்பியின் காதல் விவகாரமும் ஒருநாள் இப்படித்தான் வெளியே வரும்.

கேள்வி: ரகசியம்தான் போய்விட்டதே, கிரைண்டருக்குப் பதிலாகப் புதுப் போன் வாங்கலாமா என்கிறான் தம்பி. டவுனில் ஒரு கடையில் விலை குறைவு, ஆனால் 'கடை வாரண்டி' மட்டும்தானாம், நிறுவனத்தின் வாரண்டி இல்லையாம். (அதே வாசகி)

பதில்: விலை ஏன் குறைவு என்பதற்குப் பாதிப் பதில் அந்தக் கடை வாரண்டியிலேயே இருக்கிறது. காசு கொடுக்கும் முன் கடையிலேயே நின்று, வாங்கப்போகும் போனில் *#06# அழுத்துங்கள். அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் வரும், அதுதான் ஐஎம்இஐ எண். உங்கள் போனில் ஆங்கிலத்தில் IMEI என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பதிவில்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

பதிவு இருந்தால், பில்லில் ஐஎம்இஐ எண்ணையும் வாரண்டிக் காலத்தையும் எழுதச் சொல்லுங்கள். பில் கேட்டால் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லலாம்.

ஆனாலும் என் ஓட்டு கிரைண்டருக்குத்தான். விளம்பரத்தைப் பார்த்துச் சிரித்த அம்மா, இந்நேரம் அடுப்படியில் அதை வைக்க இடம் ஒதுக்கியிருப்பார்.