கேளுங்கள், சொல்கிறோம்: மதுரையில் பிள்ளைகளோடு ஒரு நாள்

எனக்கு 6, 9 வயதில் இரண்டு பெண் பிள்ளைகள். மாமியாரும் வருவார். சொந்த வண்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை 500 ரூபாய்க்குள் எங்கே போய் வரலாம்?
– வாசகி, செல்லூர்

நால்வரும் பெண்கள் என்பதால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உங்களுக்குச் செலவே இல்லை. கண்டக்டர் தரும் கட்டணமில்லாச் சீட்டை மட்டும் இறங்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள். வெளியூர் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டால் இந்தச் சலுகை கிடையாது.

காலை 10 மணிக்குத் தமுக்கம் பக்கத்தில் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-ல் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் இல்லை. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணியின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. சின்னவள் பயப்படக்கூடும், முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள். 1 மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை விடுவார்கள், 12 மணிக்கு மேல் போனால் அரைகுறையாகத்தான் பார்க்க முடியும். வேறு நாளில் போவதானால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள்.

மதிய வெயிலுக்கு நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, ஏசி, லிஃப்ட் எல்லாம் உண்டு. மாமியாருக்கும் உட்கார இடம் கிடைக்கும். காசு கேட்கமாட்டார்கள். மதுரையில் ஏப்ரல், மே மதியத்துக்கு இதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரியாது.

மீனாட்சியம்மன் கோயிலை இதே நாளில் சேர்க்காதீர்கள். செல்போனை வெளியே ஒப்படைக்க ஒரு வரிசை, தரிசனத்துக்கு ஒரு வரிசை, மதியம் 12.30-லிருந்து 4 வரை நடையும் சாத்தியிருக்கும். கோயிலுக்கென்று ஒரு நாள் வைத்து, 2 மணி வாக்கில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவிட்டு நடை திறக்கும் நேரத்துக்குப் போவதுதான் சரி.

கீழடி அருங்காட்சியகம் 8 வயதுப் பையனுக்குச் சலிக்காதா?
– வாசகர், வில்லாபுரம்

நீங்கள் எந்த வரிசையில் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் கட்டடத்திலிருந்து ஒவ்வொரு பலகையாகப் படித்துக் காட்டினால் அரை மணியில் "வீட்டுக்குப் போலாம்ப்பா" என்பான். முதலில் குறும்படத்தைப் பார்க்க வையுங்கள். அடுத்து ஆட்டக்காய்கள், தந்தத்தில் செய்த பகடை, வட்டச் சில்லு. அந்தக் காலத்துப் பிள்ளைகளும் சில்லு விளையாடியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் மீதியை அவனே கேட்பான். பானை ஓட்டில் கீறிய தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தைப் பார்த்துத் தன் பெயரை எழுதிப் பார்க்க ஒரு தாளும் பென்சிலும் கொண்டுபோங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, பாதிப் பேர் இது தெரியாமல்தான் ஏமாறுகிறார்கள்.

சமணர் மலை ஏறப் பிள்ளைகளால் முடியுமா? எப்போது போகவேண்டும்?
– வாசகி, திருநகர்

6 வயதுக்கு மேல் என்றால் தாராளமாக ஏறலாம். கீழக்குயில்குடி அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், கோயில். ஏற முடியாத பெரியவர்கள் அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம். அடிவாரத்தில் 6.30-க்கு இருந்தால் 9-க்குள் இறங்கிவிடலாம். 10 மணிக்கு ஏறத் தொடங்குபவர்கள்தான் திண்டாடுவார்கள். மேலே மொட்டைப் பாறை, ஒதுங்க நிழல் கிடையாது, பாறை சுட ஆரம்பித்தால் இறங்குவது ஏறியதைவிடக் கஷ்டம்.

மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில், பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. சமணச் சிற்பங்கள் உள்ள செட்டிப்புடவு என்ற குகை மலையின் வேறொரு பக்கம் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்க நினைத்தால் பிள்ளைகள் துவண்டுவிடும், ஒன்றோடு நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம், மேலே கடை இல்லை. அடி தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். பிடிப்புள்ள ஷூ போடுங்கள். மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும், அன்று போகாதீர்கள். சிற்பத்தில் சாய்ந்து போட்டோ எடுப்பதையும் பேர் கிறுக்குவதையும் பிள்ளைகளுக்கு முதலிலேயே மறுத்துச் சொல்லிவிடுங்கள்.

அழகர்கோயிலுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் தயிர்சாதம் புளித்துவிடுகிறது. குரங்குத் தொல்லை வேறு.
– வாசகி, கே.புதூர்

காலையிலேயே முழுக்கத் தயிர் ஊற்றிப் பிசைவதால் வரும் வினை. ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வடித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பால் 2 டம்ளர், தயிர் 2 ஸ்பூன், உப்பு சேர்த்துப் பிசையுங்கள். மதியத்துக்குள் பால் உறைந்து பதமாக இருக்கும். சாதம் கொதிக்கக் கொதிக்க இருந்தால் பால் உறையாமல் திரிந்துபோகும். வெங்காயம் போடவே போடாதீர்கள், சீக்கிரம் வாடை வந்துவிடும்.

குரங்குக்குப் பிளாஸ்டிக் கவர் சரசரக்கும் சத்தம் போதும், எங்கிருந்தாலும் வந்துவிடும். ஜிப் வைத்த துணிப்பையில் டிபன் டப்பாவை வைத்து, மலைக்குப் போகுமுன் அடிவாரத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பழமுதிர்சோலைக்கும் நூபுரகங்கைக்கும் கையில் தின்பண்டம் இல்லாமல் போனால் அது உங்களைத் திரும்பியும் பார்க்காது. பையைப் பிடுங்கினால் எதிர்த்து இழுக்காமல் விட்டுவிடுங்கள்; இழுத்தால்தான் கடிக்கும்.