பொதுக் கருவி மையமும் கெரட்டினும்

கேள்வி: நான் உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கிடையாது. ஆகவே புரதங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஜெல்லிலிருந்து வெட்டிய ஒரு புரதப் பட்டையை, பல துறைகளுக்கும் பொதுவான கருவி மையத்துக்கு அனுப்பினேன். வந்த அறிக்கையில் பெரும்பாலும் கெரட்டின்தான் இருந்தது. கோளாறு கருவியிலா, என்னிடமா? இத்தகைய மையத்தை நம்பி ஆய்வைத் தொடரலாமா?

பதில்: தாராளமாகத் தொடரலாம். கெரட்டின் வந்ததற்குக் கருவி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. நம் தோலிலும் முடியிலும் நிறைந்திருக்கும் புரதம் அது என்பதால், கையுறையில்லாத விரலிலிருந்தோ, ஜெல்லை வெட்டக் குனிந்தபோது தலையிலிருந்தோ, கம்பளி ஆடையிலிருந்தோ உதிர்ந்த துகள் ஒன்று உங்கள் குழாய்க்குள் போயிருக்கலாம்.

மையத்தில் ஜெல் துண்டுடன் டிரிப்சின் நொதியைச் சேர்க்கிறார்கள். அது லைசின், ஆர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்களை அடுத்துப் புரதச் சங்கிலியை வெட்டுகிறது. கிடைக்கும் சிறு துண்டுகளான பெப்டைடுகளின் நிறையை அளந்து, தரவுத்தளத்தோடு ஒப்பிட்டே புரதம் இன்னதென்று சொல்கிறார்கள். தூசியில் வந்த புரதத்தையும் டிரிப்சின் விட்டுவைக்காது. உங்கள் பட்டை கூமாசி நீலச் சாயத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அளவுக்கு மங்கலாக இருந்திருந்தால், கெரட்டின் அதை மூழ்கடித்திருக்கும். அடுத்த முறை அதே ஜெல்லில் புரதம் ஓடாத இடத்திலிருந்து ஒரு வெற்றுத் துண்டையும் வெட்டித் தனிக் குழாயில் அனுப்புங்கள். அதிலும் கெரட்டின் நிறைந்திருந்தால், ஜெல் வார்த்த கண்ணாடித் தகட்டையும் சாயக் கரைசலையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு எதிரி, புரதத்தைக் கரைத்துப் பிரித்தெடுக்கப் பயன்படும் சோப்பு போன்ற டிடர்ஜென்ட். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் அயனியாக்கும், அதாவது மின்னேற்றம் பெறச் செய்யும் முறைகளை உருவாக்கிய ஜான் ஃபென், கொய்ச்சி தனாக்கா இருவரும் 2002ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அயனியானதை மட்டுமே கருவி காணும் என்பதால், எளிதில் அயனியாகும் டிடர்ஜென்ட் சிறிதளவு எஞ்சினாலும் பெப்டைடுகளின் குறி அமுங்கிவிடுகிறது. டிரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் கலந்த மாதிரியின் நிறமாலையில், 44 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) இடைவெளியில் ஏணிப் படிகளைப் போலச் சிகரங்கள் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று சொல்பவர், நாள்தோறும் கருவியோடு புழங்கும் தொழில்நுட்பர். என்னைக் கேட்டால், மையத்தின் உண்மையான செல்வம் அவர்தான். அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் குழாயை மட்டும் வைத்துவிட்டு வருவதே மாணவர்கள் செய்யும் பெரிய தவறு.

இத்தகைய கருவிகளை ஆய்வகத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்வதும் எளிதன்று. எடுத்துக்காட்டாக, மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயும் என்எம்ஆர் கருவியின் மீக்கடத்திக் காந்தம், யாரும் பயன்படுத்தாத நாளிலும் திரவ ஹீலியத்தில், ஏறத்தாழ -269 டிகிரி செல்சியஸில் கிடக்க வேண்டும். எப்போதாவது இயக்கப்படும் சொந்தக் கருவியைவிட, தெரிந்த மாதிரியைக் கொண்டு அன்றாடம் சோதிக்கப்படும் பொதுக் கருவியின் அளவீட்டையே நான் அதிகம் நம்புவேன். உங்கள் மாதிரியை ஓட்டிய அன்று எடுத்த தரச் சோதனை முடிவையும் மூலத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அவற்றைக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

அடுத்த பட்டையை வெட்டுவதற்கு முன்பே ஜெல்லின் படத்தையும், புரதத்தைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்திய கரைசல்களின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு நேரில் போய் அந்தத் தொழில்நுட்பரைப் பாருங்கள்.