மிஞ்சிய ஃபைட்டருக்குத் துணை

40 லிட்டர் மீன்தொட்டியில் ஆண் ஃபைட்டர் (சண்டை மீன்) மட்டும் மிஞ்சியிருக்கிறது, கப்பி என்ற சிறு மீனையும் தங்கமீனையும் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். கப்பியின் வண்ண வாலைக் கண்டால் இன்னொரு ஃபைட்டர் வந்துவிட்டது என்றெண்ணிக் குதறிவிடும். நான் ஒரே இரவில் மூன்றைப் பறிகொடுத்தேன். தங்கமீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், கழிவும் ஏராளம். "சின்னதாகவே இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

என் தேர்வு ஹார்லிகுயின் ரஸ்போரா என்ற சிறு மீன், ஆறு. அவை நடுநீரில் கூட்டமாகத் திரியும். ஃபைட்டர் பெரும்பாலும் மேல்மட்டத்தில் இருக்கும். வாரம் மூன்றாக விடுங்கள், வடிகட்டியிலுள்ள, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக அவகாசம் வேண்டும். பழைய மீன்கள் எதனால் இறந்தன என்று நீங்கள் எழுதவில்லையே? முதலில் நீரில் அம்மோனியாவை (மீன் கழிவிலிருந்து வரும் நச்சு) சோதியுங்கள். பூஜ்யமாக இல்லாவிட்டால் இப்போது எதையும் வாங்க வேண்டாம்.