படித்த இடமும் நினைவும்: கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் தடையின்றிச் சொன்ன விடை தேர்வறையில் வர மறுக்கிறது. இடம் மாறியதுதான் காரணமா?

பதில்: ஓரளவுக்குத்தான். ஒன்றைக் கற்கும்போது அறையின் ஒளியும் ஓசையும் மணமும் நாம் அறியாமலேயே பாடத்தோடு சேர்ந்து பதிகின்றன. அதே சூழலுக்குத் திரும்பினால் அவையே நினைவைத் தூண்டும் துப்புகளாகின்றன. 1975இல் கோடன், பேட்லி என்ற உளவியலாளர்கள் ஸ்காட்லாந்துக் கடலில் நீர்மூழ்குவோரைக் கொண்டு இதைச் சோதித்தனர். 36 சொற்களைக் கரையில் கேட்டுக் கரையிலேயே எழுதியபோது சராசரியாக 13.5 சொற்களும், நீருக்கடியில் கேட்டு அங்கேயே எழுதியபோது 11.4 சொற்களும் நினைவுக்கு வந்தன. இடம் மாறியபோதோ ஏறத்தாழ எட்டரைதான். இந்தச் சோதனையை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்பது என் கருத்து. 2021இல் வெளியான மறுசோதனையில் இந்த விளைவு தென்படவில்லை. மேலும், கரைக்கும் கடலுக்கும் உள்ள வேற்றுமை இரண்டு அறைகளுக்கிடையே இருப்பதில்லை. புத்தகத்தை மூடிவிட்டு எத்தனை முறை சொல்லிப் பார்த்தீர்கள் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

கேள்வி: கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களிலும் இப்படி நேருமா?

பதில்: பெரும்பாலும் நேராது. அதே இருவரும் 1980இல், கேட்ட சொற்களை அடையாளம் காணச் சொன்னபோது, இடமாற்றம் எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. கண்முன் இருக்கும் சொல்லே வலுவான துப்பாகிவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் ஒரே மேசையில் படிப்பது நல்லதா?

பதில்: தேர்வு அந்த மேசையில் நடக்கப்போவதில்லையே! ஸ்மித், கிளென்பர்க், பியோர்க் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பட்டியலை இரு வேறு அறைகளில் படித்தவர்கள், ஒரே அறையில் இருமுறை படித்தவர்களைவிட, மூன்றாவது அறையில் கூடுதலான சொற்களை நினைவுகூர்ந்தனர். பல இடங்களில் படித்த பாடம் எந்த ஓர் இடத்தையும் சார்ந்து நிற்பதில்லை என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம்.

கேள்வி: பாட்டு கேட்டபடி படிக்கலாமா?

பதில்: தேர்வறை அமைதியாக இருக்கும். திருப்புதலையாவது அமைதியில் செய்யுங்கள்.

கேள்வி: தேர்வறையிலேயே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. 1979இல் ஸ்மித் நடத்திய சோதனையில், புதிய அறையில் அமர்ந்து பழைய அறையை மனக்கண்ணில் கொண்டுவந்தவர்கள், அந்த அறைக்கே திரும்பியவர்களுக்கு ஏறக்குறைய இணையாக நினைவுகூர்ந்தனர். விடை தடைபடும்போது கண்ணை மூடி, அதைப் படித்த நாளில் எங்கே அமர்ந்திருந்தீர்கள், எதிரே என்ன இருந்தது, பக்கத்தின் எந்த மூலையில் அந்த வரி இருந்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள்.