கோடையில் பறவை நடையை நிறுத்தலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுராந்தகத்தை அடுத்த எங்கள் ஊர் ஏரியில் சென்ற நவம்பரிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு பறவை பார்க்கப் போகிறோம். முதல் தடவை 40 பேர் வந்தார்கள். தை மாதம் ஏரி நிறையப் பறவை. சித்திரையில் தண்ணீர் வற்றிவிட, ஒன்பது பேர்தான் வந்தோம். சாயங்காலம் போனதால் வெயில் முகத்தில் அடித்தது, ஒன்றுமில்லை என்று பாதியில் திரும்பிவிட்டோம். ஐப்பசி வரை நிறுத்திவைத்து, அதுவரை வேன் பிடித்து வெளியூர்ச் சரணாலயங்களுக்குப் போகலாமா? பிள்ளைகளுக்கு பைனாகுலரில் எதுவும் தெரிவதில்லை. வெள்ளைக் கொக்குகளில் எது எது என்று ஒவ்வொரு தடவையும் வாக்குவாதம் வேறு.

வாசகி, மதுராந்தகம் வட்டம்

அன்புள்ள வாசகிக்கு,

நிறுத்தாதீர்கள். வெளியூர்ப் பயணம் நல்லதுதான், ஆனால் அது உங்கள் ஏரி நடைக்கு மாற்றாகாது. ஒரே ஏரி, ஒரே வழி, ஏறக்குறைய ஒரே நேரம் என்று பன்னிரண்டு மாதமும் நடந்தால்தான் பருவம் மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் ஏரியில் எந்தப் பறவை நிற்கும் என்பதைப் பெரும்பாலும் தண்ணீரின் ஆழம்தான் முடிவு செய்கிறது. மார்கழி, தையில் நீர் கலங்கல் (மிகுதி நீர் வழிந்தோடும் இடம்) மட்டத்தில் இருக்கும்போது நடுவில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் நாமக்கோழியும். ஆழம் குறைந்த ஓரத்தில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகு வாத்து. பாசனத்துக்கு மதகு திறந்து நீர் இறங்க இறங்க சேறு வெளியே வரும். உள்ளான்களும் பட்டாணி உப்புக்கொத்திகளும் அந்தச் சேற்றோரத்தை ஒட்டியே நகரும். குட்டைகளில் மீன் ஒடுங்கியதும் மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா கூட்டமாக இறங்கும். ஏரியின் உள்வாய்த் தரை காய்ந்து வெடித்த பிறகு ஆள்காட்டி, சாம்பல்தலை வானம்பாடி, வயல் நெட்டைக்காலி ஆகியவை அந்தக் கட்டாந்தரையிலேயே கூடு வைக்கும். சித்திரையில் நீங்கள் தண்ணீரைத் தேடியிருப்பீர்கள். தரையைப் பார்த்திருக்க வேண்டும்.

பறவைகள் உடை மாற்றுவதும் அந்த மாதங்களில்தான். வலசை கிளம்பும் முன் மஞ்சள் வாலாட்டி பளிச்சென்று மஞ்சளாகிறது. குருட்டுக்கொக்கின் முதுகு கருஞ்சிவப்பாகிறது. உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறம் கொள்கின்றன. நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே உண்டு. குளிர்காலத்தில் வாலில்லாமல் இருப்பதை வேறு பறவை என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஐப்பசியில் மறுபடி தொடங்கினால் வருகையையும் தவறவிடுவீர்கள். வலசை உள்ளான்களில் சில ஆகஸ்டிலேயே வந்துவிடும், செப்டம்பரில் வாலாட்டிகள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே அவை இங்கே இருக்கும்.

இனி நேரம். நம் பக்கத்து ஏரிகளில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால் கரை பெரும்பாலும் கிழக்கில் இருக்கும். காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், பறவையின் நிறமெல்லாம் துலங்கும். சாயங்காலம் அதே இடத்தில் எல்லாம் கறுப்பு உருவங்கள்தான். ஆகவே காலை நடைதான். தையில் ஆறரைக்கும் மே மாதம் ஐந்தே முக்காலுக்கும் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்.

ஒரு வழிகாட்டிக்கு 12 பேர், மிஞ்சினால் 15. அதற்கு மேல் வரிசை நீண்டு, முன்னால் இருப்பவர் பார்த்ததும் பறவை எழும்பிவிடும், பின்னால் இருப்பவர் வெறும் கரையைப் பார்ப்பார். 40 பேர் வந்தால் மூன்றாகப் பிரித்து 20 நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். கையை நீட்டிக் காட்டாமல், “இரண்டாவது மதகுக்கு இடப்பக்கம், கருவேல மரத்தடி” என்று அடையாளம் சொல்லப் பழக்குங்கள். ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர் யாராவது உடன் வந்தால் மிக நல்லது. எந்த மூலையில் எது மேயும் என்பது அவர்களுக்கு அன்றாடம் தெரிந்த விஷயம்.

பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ.) போதும். 10 மடங்கில் கை நடுக்கம் கூடித் தெரியும், காட்சிப் பரப்பும் பெரும்பாலும் குறையும். முதலில் இரண்டு குழல்களையும் மடக்கி, பிள்ளையின் கண் இடைவெளிக்குப் பொருந்தி ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். பெரியவருக்கு வைத்த அகலத்திலேயே கொடுப்பதால்தான் பிள்ளைகளுக்குக் கறுப்பு விளிம்பு தெரிகிறது. பிறகு வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் கண்ணாடியில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். கண்ணாடி அணிந்தவர் கண் வைக்கும் இடத்து ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட வேண்டும். பறவையிலிருந்து பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவருவதே முக்கியம். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை கிடைக்காது. அசையாத மதகுக் கல்லை வைத்துப் பத்து நிமிடம் பழக்கிவிட்டுப் புறப்படுங்கள்.

கொக்கு வாக்குவாதத்துக்கு வருகிறேன். அலகின் நிறத்தை மட்டும் நம்புவதால் வருவது அது. சின்ன வெள்ளைக்கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம். பாதம் சேற்றில் மறைந்திருக்கும், பறக்கும்வரை பொறுத்திருங்கள். பெரிய வெள்ளைக்கொக்குக்கும் நடு வெள்ளைக்கொக்குக்கும் அலகு மஞ்சள், இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்கும் கறுத்துவிடும். வாய்ப்பிளவுக் கோட்டைப் பாருங்கள்: பெரியதில் அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடு வெள்ளைக்கொக்கில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும்.

எழுதுவதற்கு ஒருவர் மட்டும். அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும், காகம் மைனா உட்பட எழுதுங்கள்; தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். பெருங்கூட்டமென்றால் பத்தை எண்ணி, அந்தப் பத்து அடைக்கும் இடத்தை மனத்தில் வைத்து மொத்தத்தையும் அளந்துவிடலாம். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் (eBird) செயலியில் ஏற்றுவதென்றால் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, தொடங்கிய நேரம், நடந்த தூரம் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

கோடை நடைக்கு ஒரு கண்டிப்பான விதி: ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால், வந்த தடத்திலேயே உடனே திரும்புங்கள். முட்டை வெறுந்தரையில், கல்லோடு கல்லாக இருக்கும், மிதித்துவிடுவீர்கள். தாய்ப்பறவை வயிற்று இறகை நனைத்துவந்து முட்டையைக் குளிர்விக்கும். நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் கிடக்கிறது. படத்துக்காகக் கூட்டருகே புல்லை விலக்குவதும், செல்போனில் குரல் ஒலித்துப் பறவையை வரவழைப்பதும் கூடவே கூடாது.

உங்களுக்கு வாய்த்த இன்னொரு வேலையும் உண்டு. வேடந்தாங்கல் பக்கத்தில்தான் இருக்கிறது. பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊரார், 1798-லேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஏரி அது. அங்கே கூடு கட்டும் நாரைகளுக்கு இரை அந்த ஒரு ஏரியில் மட்டும் கிடைத்துவிடாது. சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போய்த்தான் குஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். தையிலிருந்து பங்குனி வரை, கரைமேல் ஒருவரை அரை மணி நேரம் உட்காரவைத்து, தலைக்கு மேல் போகும் நாரை, கூழைக்கடா ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போகிறது, உங்கள் ஏரியில் இறங்குகிறதா என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கும் ஏற்ற வேலை இது.