நான்காம் மாடிக்காரரும் மூன்று துப்பறிவாளர்களும்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. நான் படிவம் 3 மாணவன். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறோம். இரண்டு மாதமாக எங்கள் புளோக்கில் சைக்கிள், ஹெல்மட், வாசலில் கழற்றிப் போட்ட காலணி என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது. துப்பறியும் கதை என்றால் எனக்கு உயிர். நானும் நண்பர்கள் இருவரும் ஒரு நோட்டுப் போட்டு விசாரித்து வருகிறோம். நான்காம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், வாரத்தில் சில நாள் ராத்திரி பத்தே காலுக்குப் பையோடு கிளம்பி விடிந்த பிறகுதான் திரும்புகிறார். யாரிடமும் பேசுவதில்லை. அவருக்குத் தெரியாமல் படம் எடுத்து வைத்திருக்கிறோம். புளோக் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிடலாம் என்கிறான் நண்பன். அப்பாவோ, வேலியில் போற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்று திட்டுகிறார். தீர விசாரிப்பதே மெய் என்றுதானே பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்? விசாரிப்பது தப்பா?
– துப்பறியும் தம்பி, பினாங்கு

பதில்: தம்பி, முதலில் அந்தப் படத்தைப் போடாதே. மற்றதை அப்புறம் பேசலாம்.

ராத்திரி பத்தே காலுக்குப் பையோடு கிளம்பி விடிந்ததும் திரும்புகிறவரைத் திருடன் என்று பிடிப்பதானால் பினாங்கில் பாதிப் பேரைப் பிடிக்க வேண்டும். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் வந்ததிலிருந்து இந்தத் தீவில் ராத்திரி என்பது ஒரு ஷிப்ட், அவ்வளவுதான். என் சித்தி இருபது வருடம் அப்படித்தான் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். பையில் சோற்று டப்பாவும் ஒரு ஸ்வெட்டரும் இருக்கும். உள்ளே குளிர்சாதனம் எலும்பு வரை இறங்குமாம். வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் பேச மாட்டார்கள், தூக்கம் அப்படி. நான்காம் மாடிக்காரரும் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்கும் தெரியாது. உன் நோட்டில் இருக்கிற குறிப்புகளை வைத்து உனக்கும் தெரியாது.

தீர விசாரிப்பதே மெய் என்கிறாய். சரிதான். ஆனால் அந்தப் பழமொழியில் "தீர" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் கஷ்டம். கோவலன் கதை நினைவிருக்கிறதா? ஊருக்குப் புதியவன், கையில் ஒரு சிலம்பு, அரசியின் சிலம்பைக் காணோம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் பொருந்துவதுபோல்தான் தெரியும். சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தது, கோவலன் செத்த பிறகு. உன் நான்காம் மாடிக்காரரும் ஊருக்குப் புதியவர், கையில் பை, சைக்கிளைக் காணோம்.

என் கதையையும் சொல்கிறேன், வெளியே யாரிடமும் சொன்னதில்லை. எண்பதுகளில் நாங்கள் ஆயர் ஈத்தாமில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. எனிட் பிளைட்டனின் நான்கு பிள்ளைகளும் நாயும் கதையை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிக்கும் கூட்டம் நான். ஒருநாள் பாட்டியின் வெள்ளிச் செம்பைக் காணோம். எங்கள் வீதிக்குத் தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் ஒரு ரொட்டி பாய் வருவார். பின்னால் பெட்டி, பெட்டியைச் சுற்றிக் கச்சான் பொட்டலமும் முறுக்கும் தொங்கும். பெங்காலி ரொட்டியைப் பலகையில் வைத்து அறுத்து, கத்தியாலேயே காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவித் தருவார். செம்பு காணாமல் போன அன்று அவர் எங்கள் வாசலில் குனிந்து எதையோ எடுத்ததை நான் பார்த்தேன். உடனே நோட்டில் எழுதினேன்: "காலை 6.40. ஹார்ன் இரண்டு முறை. குனிந்தார். பெட்டியை மூடினார்." இவ்வளவுதான் என் சாட்சியம். எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். அந்த அக்கா எதிர்வீட்டில் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூட அவர் பதில் சொல்லியிருப்பார். ரொட்டி வாங்குவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அவர் வழக்கம்போல் ஹார்ன் அடிப்பார், ஒவ்வொரு வாசலிலும் வண்டியை மெதுவாக்குவார், கதவு திறக்காது, போய்விடுவார். ஒரு பத்து நாள் இப்படி. அப்புறம் அவர் வரவே இல்லை.

செம்பு அடகுக்கடையில் இருந்தது. மாமாதான் கொண்டுபோய் வைத்திருந்தார், பாட்டிக்குத் தெரிந்தே. என் "விசாரணை" வீதி முழுக்கப் பரவி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்ததும், அது வரை இருவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி தாத்தாவுக்கும் தெரிந்து, அன்று ராத்திரி மாமா வாங்கிய அடியின் சத்தம் இருக்கிறதே, அது வேண்டாம். ரொட்டி பாயை யாரும் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

இதைத்தான் கதைகள் நமக்குக் காட்டுவதில்லை. பிளைட்டனின் இன்னொரு வரிசையில், 1943இல் தொடங்கியது அது, ஐந்து பிள்ளைகள் சேர்ந்து ஓர் எரிந்த குடிசையின் மர்மத்தைத் துப்பறிவார்கள். சந்தேகப் பட்டியல் எழுதுவார்கள், ஒருவர் காலணியைப் பார்ப்பதற்காக அவர் வீட்டுக்குள்ளேயே திருட்டுத்தனமாக நுழைவார்கள். கடைசியில் குற்றவாளி வேறொருவர். சரி, பட்டியலில் இருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள்? புத்தகம் முடிந்துவிடும், நமக்குக் கவலையில்லை. அடுத்த புத்தகத்தில் ஒரு பூனை காணாமல் போகும். பக்கத்தில் மண் கொத்திக்கொண்டிருந்த தோட்டக்காரப் பையன் மேல் பழி விழும். பிள்ளைகள் அவன் பக்கம்தான், ஆனாலும் விளையாட்டுக்குப் போலித் தடயங்களைப் போட்டு வைத்துப் போலீஸ்காரரைக் குழப்புகிறார்கள். அந்தப் பையனோ பயத்தில் ஓடி ஒளிகிறான். ஐவருக்கு அது பள்ளி விடுமுறைப் பொழுதுபோக்கு, அவனுக்கு அது வேலை, சோறு. சின்ன வயதில் படித்தபோது சிரித்தேன், போன வருடம் மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை.

இணையத்தில் இது இன்னும் மோசம். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு, ரெட்டிட் போன்ற இணையதளங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவர்தான் குண்டு வைத்தவர் என்று முடிவுகட்டினார்கள். அவர் இல்லை. அவர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். பிள்ளையைத் தேடி அலைந்துகொண்டிருந்த குடும்பத்துக்கு வசைமேல் வசை போய்ச் சேர்ந்தது. ரெட்டிட் தளத்தின் நிர்வாகம் பிறகு மன்னிப்புக் கேட்டது. அதில் ஈடுபட்ட எல்லாரும் உன்னைப்போல் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், உன் நண்பனுக்குக் காட்டு. 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் இருக்கிறது, இணையச் சேவையைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றி 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு இருக்கிறது. புலனக் குழு நம் வீட்டுக் கூடம் மாதிரித் தோன்றும், ஆனால் அங்கே போட்டதும் வெளியே சொன்னதுதான். அந்த மனிதர் நாளைக்கும் அதே மின்தூக்கியில் ஏறுவார், நீயும் ஏறுவாய். கதையில் வருகிற சந்தேக நபருக்கு அந்தத் தொல்லை இல்லை, அடுத்த அத்தியாயத்தில் காணாமல் போய்விடுவார்.

நோட்டைக் கிழிக்க வேண்டாம். எந்தத் தேதி, எந்த மாடி, என்ன காணோம் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஆளைப் பற்றிய பக்கத்தை விட்டுவிட்டு, அப்பாவோடு போய் அடுக்குமாடி நிர்வாகத்திடம் கொடு. படிக்கட்டு விளக்கு எத்தனை எரியவில்லை, கீழ் வாசல் கதவுப் பூட்டு வேலை செய்கிறதா, ஜாகா (காவலாளி) எத்தனை மணிக்கு வருகிறார் என்று எண்ணிப்பார். அதுவும் துப்பறிவதுதான். அந்தப் படத்தை இப்போதே அழித்துவிடு.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மர்மக் கதை தவிர வேறு எதையும் தொடுவதில்லை. இப்போது என் கைப்பேசியை எடுத்துப் பார்த்து, அப்பா யாரிடம் பேசினார், அத்தை ஏன் வரவில்லை என்று ஆராய்ச்சி செய்கிறாள். புத்தகங்களைப் பிடுங்கி வைக்கலாமா?
– ஓர் அம்மா, செந்தூல்

பதில்: பிடுங்கினால் ஒளித்துவைத்துப் படிப்பாள், ஒளிப்பதற்கும் புத்தகத்திலேயே வழி இருக்கிறது. நல்ல மர்மக் கதையாகக் கொடுங்கள் அம்மா. 1817இல் வந்த ஜேன் ஆஸ்டினின் "நார்த்தேங்கர் அபே"யில் காதரின் என்று ஒரு பதினேழு வயதுப் பெண், பேய்க்கதை படித்துப் படித்து, விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுப் பெரியவர் தன் மனைவியைக் கொன்றிருப்பார் என்று முடிவுசெய்து, இறந்துபோன அந்த அம்மாவின் அறைக்குள் யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்ப்பாள். அவளுக்கு மனதுக்குப் பிடித்த பையன், அந்த வீட்டு மகன், அங்கேயே எதிரில் வந்து நிற்பான். அந்த வெட்கம் படிக்கிற நமக்கே காதைச் சுடும். இன்னும் கொஞ்சம் பெரியவளானதும் இயன் மெக்யூவனின் "அடோன்மெண்ட்" கொடுங்கள், 2001இல் வந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை, தான் அரைகுறையாகப் பார்த்ததை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று சாதிக்கிறாள், அவர் சிறைக்குப் போகிறார். பிறகு வாழ்நாள் முழுக்க அவள் அதை எழுதி எழுதிப் பார்க்கிறாள். பதினாறு வயதுக்கு முன்னால் வேண்டாம், பெரியவர்கள் விஷயமும் உண்டு.

இன்னொன்று, கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அத்தை ஏன் வரவில்லை என்று அவள் கைப்பேசியில் தேடுகிறாள் என்றால், வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுங்கள். கைப்பேசிக்குக் கடவுச்சொல்லும் போடுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் நான்சி டுரூ, ஹார்டி பாய்ஸ் என்று இத்தனை பள்ளிப் பிள்ளைத் துப்பறிவாளர்கள். தமிழில் நமக்குத் தெரிந்த பெரிய துப்பறிவாளர்கள் எல்லாம் பெரியவர்களாகவே இருக்கிறார்களே, ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோலாலம்பூர்

பதில்: ஐயா, தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டு யோசிப்பார், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள், சாட்சியம் என்றால் என்னவென்று படித்தவர்கள். சிறுவர் பத்திரிகைகளில் பிள்ளைகள் திருடனைப் பிடித்த கதைகளும் வந்தன, ஆனால் அந்தப் பிள்ளைகளின் பெயர் நம் மனதில் நிற்கவில்லை. என் ஊகம், நம் வீட்டில் பதினான்கு வயதுப் பிள்ளை டியூஷன் முடிந்து அரை மணி நேரம் தாமதமாக வந்தாலே பாட்டி வாசலில் நிற்பார், அப்புறம் எங்கே தடயம் தேடுவது? 1927இல் வந்த ஹார்டி சகோதரர்களுக்கும் 1930இல் வந்த நான்சிக்கும் அந்தத் தடை கிடையாது. நான்சிக்குச் சொந்தக் கார், அப்பா வக்கீல், அம்மா இல்லை. இரண்டு வரிசையுமே ஒரே நிறுவனம் புனைபெயரில் பலரை வைத்து எழுதியது என்பதால், ஆபத்து எந்த அத்தியாயத்தில் வரும் என்பதுகூட ஏறக்குறைய முன்கூட்டியே தெரியும். எனக்குப் பிடித்த ஏற்பாடு சத்யஜித் ராய் 1965இல் தொடங்கிய பெலுடா கதைகள்தான். பையன் கூடவே போவான், பார்ப்பான், நமக்குச் சொல்வான். துப்பறிவது பெரியவர்.

கேள்வி: உண்மையிலேயே ஒரு குற்றத்தைப் பார்த்துவிட்டால்? அப்போதும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?
– சுங்கை நிபோங் வாசகி

பதில்: இல்லவே இல்லை. ஆபத்து நடந்துகொண்டிருந்தால் 999. முடிந்துவிட்டதென்றால், பார்த்த நேரம், வண்டி எண், உடை என்று கண்ணால் கண்டதை மட்டும் அன்றைக்கே எழுதிவைத்து, ஒரு பெரியவரோடு எந்தக் காவல் நிலையத்துக்கும் போய்ப் புகார் கொடுக்கலாம், பக்கத்து நிலையம்தான் என்றில்லை. "அவர்தான் செய்திருப்பார்" என்பதை அதில் சேர்க்காதீர்கள். ஒரு வீட்டில் பிள்ளையை அடிக்கிற சத்தம் கேட்கிறதென்றால் 15999, தாலியான் காசிஹ் என்ற உதவி எண். அப்புறம் கூட்டாளிகளிடம் பெருமை பேசிக்கொண்டு திரியாதீர்கள். 1969இல் வந்த அகதா கிறிஸ்டியின் "ஹாலோவீன் பார்ட்டி"யில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, நான் ஒரு கொலையைப் பார்த்திருக்கிறேன் என்று எல்லார் முன்னிலும் அளந்துவிடுவாள். அவள் பார்த்ததே இல்லை, வேறொரு பிள்ளை சொன்னதைத் தன்னுடையதாகச் சொன்னாள். அன்று ராத்திரியே அவளைக் கொன்றுவிடுவார்கள்.

கேள்வி: பழைய துப்பறியும் புத்தகம் மலிவாக எங்கே கிடைக்கும் அக்கா?
– படிவம் 1 மாணவி, ஜார்ஜ்டவுன்

பதில்: சௌராஸ்தா சந்தை மாடிக்குப் போ, பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. கூரை வரை அடுக்கியிருப்பார்கள், அடியில் இருப்பதை உருவாதே, சரிந்துவிடும். விலை பேசலாம். வாங்குவதற்கு முன்னால் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிடு, படிக்காமல் பார். நான் ஒருமுறை மூன்று வெள்ளிக்கு வாங்கிய புத்தகத்தில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை. யார் செய்தது என்று இன்று வரை தெரியாது. சமையல்காரர் மேல்தான் சந்தேகமாக இருந்தது.