நிறை நிறமாலையில் 463 கிடைத்தால் அதை ஐசோகுவர்சிட்ரின் என்று எழுதலாமா?

இலைச் சாற்றை எல்சி-எம்எஸ் கருவியில் (சேர்மங்களைப் பிரித்து அவற்றின் நிறையை அளக்கும் கருவி) ஓட்டியதில் எதிர் அயனி முறையில் 463.088-இல் ஓர் உச்சி வந்திருக்கிறது, மென்பொருள் அதை ஐசோகுவர்சிட்ரின் (குவர்செட்டின் என்ற ஃபிளாவனாய்டின் மூன்றாம் இடத்தில் குளுக்கோஸ் சேர்ந்த தாவரச் சேர்மம்) என்கிறது, அதையே ஆய்வுக் கட்டுரையில் எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். அந்த எண்ணிலிருந்து உறுதியாகக் கிடைப்பது வாய்பாடு மட்டும்தான்: 21 கார்பன், 20 ஹைட்ரஜன், 12 ஆக்சிஜன். குவர்செட்டினோடு குளுக்கோஸ் சேர்ந்தாலும் இதே வாய்பாடு. மிரிசெட்டின் என்ற இன்னொரு ஃபிளாவனாய்டோடு ராம்னோஸ் என்ற சர்க்கரை சேர்ந்தாலும் இதே வாய்பாடு. எத்தனை தசம இடம் வரை அளந்தாலும் இரண்டும் பிரியாது.

ஆகவே அந்த அயனியை உடைத்து எடுத்த நிறமாலையைத் திறந்து பாருங்கள். 162 கழன்று 301 மிஞ்சினால் குவர்செட்டின் பக்கம் சாயலாம். 146 கழன்று 317 மிஞ்சினால் மிரிசெட்டின். 301-க்குக் கீழே 179, 151 இரண்டும் தெரிந்தால் குவர்செட்டினுக்கு வலுக் கூடுகிறது. 151 மட்டும் போதாது. ஏ வளையத்தில் 5, 7 இடங்களில் ஹைட்ராக்சில் உள்ள பல ஃபிளாவனாய்டுகள் அதைக் கொடுக்கும்.

நான் முதலில் தேடுவது 301-ஐ ஒட்டி நிற்கும் 300-ஐ. அது 301-ஐவிட உயர்ந்து நின்றால், சர்க்கரை மூன்றாம் இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அயனியை உடைக்கும் மோதல் ஆற்றலை மாற்றினால் இந்த உயரங்களும் மாறும் என்பதால் இதைத் தனிச் சாட்சியாக நம்ப மாட்டேன். 162-க்குப் பதில் 120, 90 கழன்றால் சர்க்கரை நேரடியாகக் கார்பனில் ஒட்டியிருக்கிறது. அது வேறு குடும்பம்.

இவ்வளவு பார்த்த பிறகும் ஹைபரோசைடு எஞ்சி நிற்கிறது. அதில் குளுக்கோஸுக்குப் பதில் காலக்டோஸ். வேறுபாடு ஒரே ஒரு ஹைட்ராக்சிலின் திசை. அதுவும் 463, அதன் துண்டுகளும் அநேகமாக இவையே. மென்பொருளின் நிறமாலை நூலகத்தோடு பொருந்தும் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இங்கே பயனில்லை. இரண்டின் தரச் சேர்மங்களையும் (அடையாளம் உறுதியான தூய மாதிரிகள்) வாங்கி, கருவியின் அதே பிரிப்புப் பத்தியில், அதே நிலைமைகளில் ஓட்டிப் பாருங்கள். வெளிவரும் நேரம் மிக நெருக்கமாக இருந்தால், தரச் சேர்மத்தைச் சாற்றிலேயே கலந்து செலுத்துங்கள். உச்சி பிளவுபடுகிறதா, அப்படியே வளர்கிறதா என்பது தெரிந்துவிடும்.

தரச் சேர்மம் கிடைக்காவிட்டால் அட்டவணையில் 'குவர்செட்டின் ஹெக்சோசைடு, தற்காலிக அடையாளம்' என்று போடுங்கள்; குளுக்கோஸா காலக்டோஸா என்று சொல்லாமல் விடும் பெயர் அது. நான் மதிப்பாய்வு செய்தால் அதை மறுப்பேச்சில்லாமல் ஏற்பேன். வெறும் 463-ஐ வைத்து ஐசோகுவர்சிட்ரின் என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்புவேன்.